பஸ் சீறினால் இழுத்துக்கொள்ளும் கால்: செவித் தாலமஸ் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

பரிந்துரைக் கடிதத்தில் மூன்றே வரிகள். வயது 68, ஆண். இரண்டாம் முறை பக்கவாதம் வந்ததிலிருந்து காது கேட்கவில்லை என்கிறார், ஆனால் சத்தத்துக்குத் திடுக்கிடுகிறார். சோதனைக்கு ஒத்துழைப்புக் குறைவு.

கடைசி வரியைப் படித்ததும் மனம் சுருக்கென்றது. பினாங்கில் பல ஆண்டுகளாகச் செவிப்புலன் சோதனை அறையில் உட்கார்ந்திருப்பவள் நான். ‘ஒத்துழைப்புக் குறைவு’ என்று எழுதப்பட்ட ஒருவர் என் கதவைத் திறந்தால், அவருக்குப் பின்னால் சலித்துப்போன ஒரு குடும்பமும் உள்ளே வரும். அன்றும் அப்படித்தான் வந்தது. மனைவி, மகன், கையில் ஒரு பிளாஸ்டிக் பையில் விலையுயர்ந்த இரண்டு செவிக்கருவிகள்.

அவரும் குடும்பத்தாரும் அனுமதித்தபின்தான் இதை எழுதுகிறேன். யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவரைப் பெரியவர் என்றே குறிப்பிடுகிறேன்.

வந்தபோது இருந்த நிலை

பெரியவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பஸ் மெக்கானிக். ஸ்டெதஸ்கோப் போட்டுப் பார்ப்பதுபோல இஞ்சினைக் கேட்பார் என்று மகன் சொன்னார். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இஞ்சின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோரம் எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவாராம். எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது, எந்த வால்வு தட்டுகிறது என்று சொல்லிவிடுவாராம். அந்தப் பட்டறையில் இருந்த எல்லாருக்கும் இது தெரியும்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் முதல் பக்கவாதம். மூளையின் வலப்பக்கம். இடது கை தளர்ந்து, ஏழெட்டு மாதத்தில் பெரும்பாலும் மீண்டது. காதைப் பற்றி அப்போது ஒரு புகாரும் இல்லை. வழக்கம்போல மின்னல் எஃப்எம் கேட்டார், தொலைபேசியில் பேசினார்.

இரண்டாவது பக்கவாதம் தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு. இம்முறை இடப்பக்கம். இரண்டு நாள் குழப்பமாக இருந்தவர், மூன்றாம் நாள் காலையில் வார்டு தொலைக்காட்சியைக் காட்டி, “சத்தத்தைக் கொஞ்சம் கூட்டச் சொல்” என்றார். தொலைக்காட்சி அலறிக்கொண்டிருந்தது. மகன் ஏதோ சொன்னார். பெரியவர் அவர் வாயைப் பார்த்துவிட்டு, “என்னடா, வாயை மட்டும் அசைக்கிறாய்?” என்று கேட்டாராம்.

முதல் சில வாரங்கள் சொற்கள் சற்றுப் புரண்டு வந்தன. நாற்காலியைப் பெட்டி என்பார், உடனே தலையை ஆட்டித் திருத்துவார். பிறகு அது சரியாயிற்று. நாளிதழைத் தடையின்றிப் படிக்கிறார். எழுதிக்காட்டினால் சட்டென்று புரிந்துகொள்கிறார். வாயால் சொன்னால் ஒன்றும் போய்ச் சேர்வதில்லை.

செவிக்கருவி விற்கும் ஒரு கடையில் இரு காதுக்குமாக வாங்க வைத்துவிட்டார்கள். பெரியவர் இரண்டே நாளில் கழற்றி வைத்துவிட்டார். “காதுக்குள் எறும்பு ஊர்கிறது” என்றாராம். அந்தப் பணம் அவர்கள் சேமிப்பில் ஒரு பெரிய பகுதி. காதுக்குள் ஒலி சரியாகப் போகிறதா என்று பார்க்கும் சோதனைகளுக்கு அரை மணி நேரம் போதும். அதைச் செய்யாமல் விற்றது தவறு என்றே இன்றும் நினைக்கிறேன்.

அன்று பெரியவரின் மனைவி (இனி அம்மா என்றே குறிப்பிடுகிறேன்) சொன்ன ஒன்றுதான் என்னை இந்த நிகழ்வில் இறக்கிவிட்டது. அவர்கள் வீடு டத்தோ கெராமாட் சாலையில் ஒரு கடைவரிசையின் மாடி. எதிரே பஸ் நிறுத்தம். “பஸ் வந்து புஸ்ஸென்று காற்று விட்டால் இடது காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறார். பக்கத்தில் நின்று நான் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. என் குரல் மட்டும்தான் இவருக்குக் கேட்கவில்லையா, மா?”

நாற்பது ஆண்டு கூட வாழ்ந்தவர் கேட்கும் கேள்வி அது. அதற்கு நேரான விடை சொல்ல எனக்கு மூன்று மாதம் ஆயிற்று.

சோதனைகள் காட்டியது

காதுப்பறையும் நடுக்காதும் நன்றாக இருந்தன. உட்காதின் நத்தைச்சுருளிலிருந்து திரும்பி வரும் மெல்லிய எதிரொலியை அளந்தோம். 1000, 2000 ஹெர்ட்ஸ் அருகில் அது தெளிவாகக் கிடைத்தது, அதற்கு மேல் மங்கியது. பட்டறை இரைச்சலில் ஆயுளைக் கழித்த காதுக்கு அது எதிர்பார்க்க வேண்டியதே. பலத்த ஒலிக்கு நடுக்காதின் சிறுதசை சுருங்கும் அனிச்சையும் இருந்தது.

அடுத்து மூளைத்தண்டின் மின்னலைச் சோதனை. நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் மின்முனைகளை ஒட்டி, ஆயிரக்கணக்கான ‘டிக்’ ஒலிகளைக் காதில் கொடுப்போம். ஒலி போய்ச் சேர்ந்த பத்து மில்லி விநாடிக்குள் வரிசையாகச் சிறு அலைகள் எழும். முதல் அலை செவி நரம்பில் பிறக்கிறது. ஐந்தாவது அலை நடுமூளையின் வாசலில், அதாவது கீழ்க்குன்று எனப்படும் மேட்டுக்குள் நரம்பிழைகள் நுழையும் இடத்தருகே பிறக்கிறது. பெரியவருக்கு இரண்டு காதிலும் ஐந்து அலைகளும் உரிய நேரத்தில் வந்தன. திரையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கேட்கவில்லை என்று சொல்லும் மனிதரின் காது, நரம்பு, மூளைத்தண்டு எல்லாம் ஒலியை ஒழுங்காகக் கடத்திக்கொண்டிருந்தன.

அதன்பின் சற்றுத் தாமதமாக வரும் அலைகளைத் தேடினோம். ஒலிக்குப்பின் ஏறக்குறைய 30 மில்லி விநாடியில் எழ வேண்டியது மிகவும் தேய்ந்திருந்தது. 100 மில்லி விநாடியை ஒட்டி, மூளையின் மேலோடான புறணி ஒலியை ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாக வர வேண்டிய பெரிய அலை வரவே இல்லை.

பொத்தானை அழுத்தும் சாதாரணச் சோதனைதான் எல்லாரையும் குழப்பியிருந்தது. முதல் நாள் 85 டெசிபெல்லுக்குக் கீழே ஒன்றுக்கும் அழுத்தவில்லை. இரண்டு நாள் கழித்து 55-க்கு அழுத்தினார். பத்து நிமிடத்தில் மறுபடி 80. “ஏதோ வந்ததுபோல இருந்தது, ஒலி என்று சொல்ல முடியவில்லை” என்று எழுதிக் காட்டினார். ஒத்துழைப்புக் குறைவு என்று எழுதியவர் பார்த்ததும் இந்த ஊசலாட்டத்தைத்தான். இரு பக்கப் புறணியும் கெட்டவர்களிடம் இப்படித்தான் விடைகள் ஏறி இறங்கும். அதற்குக் காரணம் உண்டு, கீழே சொல்கிறேன்.

எம்ஆர்ஐ படத்தில் கதை நேராகத் தெரிந்தது. மூளையின் காதோரப் பகுதியான பொட்டு மடலில், வலப்பக்கத்தின் மேல்பகுதியில் பழைய தழும்பு, இடதில் அதே இடத்தில் புதிய சேதம். ஒலியை முதலில் பெறும் ஹெஷல் மடிப்பு இருபுறமும் அடிபட்டிருந்தது. அதற்குக் கீழே, மூளையின் நடுவில், புலன் செய்திகளைப் புறணிக்குக் கைமாற்றும் நிலையமான தாலமஸ் இரு பக்கமும் முழுதாக இருந்தது.

காதிலிருந்து தாலமஸ் வரை

மகனுக்கு அறிக்கையின் பின்பக்கத்தில் பாதையை வரைந்து காட்டினேன். அவரும் போக்குவரத்துத் துறையில் இருப்பவர். பாதி வரைந்ததும், “அக்கா, இது கொம்தார் மாதிரி இருக்கிறதே” என்றார். அதைவிட நல்ல விளக்கம் எனக்கு அதன்பின் கிடைக்கவில்லை. பினாங்குத் தீவில் எந்தப் பஸ் ஏறினாலும் பெரும்பாலும் கொம்தாரைத் தொட்டுத்தான் போகும்.

நத்தைச்சுருளில் ஒலியை உணரும் உள்வரிசை மயிரணுக்கள் ஒவ்வொரு காதிலும் ஏறத்தாழ 3,500. அவற்றிலிருந்து கிளம்பும் செவி நரம்பில் சுமார் 30,000 இழைகள். அவை எல்லாம் மூளைத்தண்டின் முதல் நிலையத்தில் இறங்கிவிடும். அங்கிருந்து கிளம்பும் இழைகளில் பல, அடுத்த நிலையங்களில் எதிர்ப்பக்கத்துக்குத் தாவுகின்றன. இரு காதுச் செய்திகளும் இங்கேயே கலந்துவிடுவதால்தான் ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று நமக்குத் தெரிகிறது. முதல் பக்கவாதத்தில் பெரியவரின் செவிப்புலன் தப்பியதற்கும் இதுவே காரணம். வலது புறணி போனாலும் இடது புறணிக்கு இரு காதும் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தன.

மேலேறும் இந்தத் தடங்கள் ஏறக்குறைய எல்லாமே நடுமூளையின் கீழ்க்குன்றில் வந்து கூடுகின்றன. அதுதான் கொம்தார். அங்கிருந்து அடுத்த நிறுத்தம் செவித் தாலமஸ். உடற்கூறு நூல்களில் மீடியல் ஜெனிகுலேட் என்று பெயர், மடக்கிய முழங்கால் போன்ற வடிவத்தால் வந்தது. மனித மூளையில் பக்கத்துக்கு ஒன்றாகப் பச்சைப்பயறு அளவில்தான் இருக்கிறது.

இத்தனை சிறிய இடத்துக்குள் மூன்று பகுதிகள் இருக்கின்றன. பூனையின் மூளையை நுணுகிப் பார்த்து, கீழ், மேல், உள் என்று இவற்றை 1964-இல் கெண்ட் மோரெஸ்ட் பிரித்துக் காட்டினார். பாலூட்டிகளில் இந்தப் பிரிவைத்தான் இன்றும் அடிப்படையாக வைத்துப் பேசுகிறோம்.

கீழ்ப்பகுதிக்குக் கீழ்க்குன்றின் நடுக்கருவிலிருந்து இழைகள் வருகின்றன. இங்கே நரம்பணுக்கள் ஆர்மோனியக் கட்டைகள்போலச் சுருதி வரிசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் குறுகிய ஓர் அலைவரிசைக்கே பதில் சொல்லும். இவை தங்கள் இழைகளை முதன்மைச் செவிப் புறணியின் நடு அடுக்குகளுக்கு அனுப்புகின்றன. ‘இது என் மனைவியின் குரல்’ என்று ஒருவர் அறிவதற்கு இந்த நுட்பமான தடம் வேண்டும்.

மேல்பகுதிக்குக் கீழ்க்குன்றின் வெளியோட்டிலிருந்து இழைகள் வருகின்றன. போய்ச் சேர்வது முதன்மைப் புறணியைச் சுற்றியுள்ள பகுதிகளுக்கு. அதோடு, புறணியின் ஐந்தாம் அடுக்கிலிருந்து தடித்த முனைகளோடு இறங்கும் இழைகளும் இதற்குள் வருகின்றன. புறணி தான் செய்த வேலையைத் தாலமஸ் வழியாகப் பக்கத்துப் புறணிக்குக் கைமாற்றுகிறது என்பது முர்ரே ஷெர்மனும் ரே கில்லரியும் முன்வைத்த கருத்து.

உட்பகுதி தனி ரகம். அணுக்கள் பெரியவை, சுருதி வரிசை தளர்ந்தது, பரந்த அலைவரிசைக்குப் பதில் சொல்லும். கீழ்க்குன்றின் ஓட்டிலிருந்து மட்டுமல்லாமல், தொடுவுணர்வைச் சுமந்து தண்டுவடத்திலிருந்து வரும் இழைகளும், பார்வையோடு தொடர்புடைய மேல்குன்றிலிருந்து வரும் இழைகளும் இங்கே சேர்கின்றன. கொம்தாருக்குப் போகாமலே வரும் பஸ்ஸும் உண்டு. மூளைத்தண்டின் முதல் நிலையத்திலிருந்தே கீழ்க்குன்றைத் தொடாமல் நேராக உட்பகுதிக்குப் போகும் இழைகளை 2002-இல் மான்வேல் மால்மியர்காவும் உடனிருந்தவர்களும் எலிகளில் காட்டினார்கள். உட்பகுதியின் இழைகள் செவிப் புறணியில் பரவலாகத் தூவப்படுகின்றன. அவற்றில் ஒரு கிளை புறணிக்குப் போகாமல் அமிக்டலாவுக்குத் திரும்புகிறது. அச்சத்தைக் கற்றுக்கொண்டு நினைவில் வைத்திருக்கும் இடம் அது.

மேலேறும் செய்தியை அடக்கும் இழைகளும் இதே பாதையில் இருக்கின்றன. கீழ்க்குன்றிலிருந்து தாலமஸுக்கு வரும் இழைகளில் ஒரு பங்கு, செய்தியைத் தூண்டாமல் தணிக்கும் வேதிப்பொருளான காபாவை விடுபவை. 1996-இல் ஜெஃப்ரி வைனரும் உடன் ஆய்வாளர்களும் இதைப் பூனையில் எழுதினார்கள். அதே ஆண்டு வைனரும் டேவிட் லாரூவும் வெளியிட்ட ஒப்பீடு எனக்கு மிகவும் பிடித்தமானது. செவித் தாலமஸுக்குள்ளேயே இருக்கும் தணிக்கும் அணுக்கள் பூனையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. எலியிலோ நூற்றுக்கு ஒன்று இருந்தால் அதிகம். எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்தக் கூடாது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

இவற்றுக்கெல்லாம் மேல், புறணியிலிருந்து தாலமஸுக்கு இறங்கி வரும் இழைகள் இருக்கின்றன. மேலே போகிறவற்றைவிட இவை பல மடங்கு. தாலமஸைப் போர்வைபோலச் சுற்றியிருக்கும் வலைக்கருவும் கூடச் சேர்ந்துகொண்டு, எதை உள்ளே விடுவது, எதை நிறுத்துவது என்று ஒவ்வொரு கணமும் சரிபார்க்கின்றன. பெரியவரின் விடைகள் 55-க்கும் 85-க்கும் இடையே அலைந்ததை இதோடு சேர்த்துப் பார்க்கிறேன். வாசல் இருக்கிறது, வாசல்காரனுக்கு மேலிருந்து வர வேண்டிய கட்டளை வருவதில்லை. ஒத்துழைக்க மனமில்லாதவரின் விடையும் பார்ப்பதற்கு இப்படித்தான் இருக்கும் என்பது இந்த நோயின் கொடுமை.

தேங்காய் வேறு, பஸ் வேறு

தொடக்கத்தில் நானும் ஒரு பிழை செய்தேன். திடுக்கிடுகிறார் என்றால் தாலமஸ் வழியாக ஒலி அமிக்டலாவுக்குப் போகிறது என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். அது தவறு. திடீர்ப் பேரொலிக்கு உடல் தூக்கிப்போடுவது மூளைத்தண்டோடு முடிந்துவிடும் காரியம். அதற்குத் தாலமஸே தேவையில்லை.

என்னைத் திருத்தியது தைப்பூசம். ரதம் வரும் வழியில் அவர்கள் வீடு இருந்ததால் அழைத்திருந்தார்கள். கீழே தெருவில் தேங்காய்கள் மலைபோலக் குவிந்திருந்தன. ரதம் நெருங்கியதும் உடைக்கத் தொடங்கினார்கள். முதல் சரமாரிக்குப் பெரியவரின் கண் இமைத்தது, தோள் தூக்கியது. இரண்டாவதற்குக் குறைந்தது. ஐந்தாறு ஆனதும் ஒன்றும் இல்லை. தார்ச்சாலையில் வெள்ளையாகச் சிதறுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார். இடது கால் ஒருமுறைகூட அசையவில்லை. இத்தனை பெரிய ஓசைக்கு அசையாத கால், ஒரு பஸ் விடும் காற்றுக்கு மட்டும் ஏன் அசைகிறது?

அம்மாவிடம் கேட்டேன். அப்போதுதான் பழைய கதை வெளியே வந்தது. பல ஆண்டுகளுக்கு முன் பட்டறையில் பஸ்ஸுக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தார். யாரோ ஒரு பையன் ஓட்டுநர் இருக்கையில் ஏறி பார்க்கிங் பிரேக்கை விடுவித்துவிட்டான். காற்று சீறியது, அடுத்த கணம் சக்கரம் நகர்ந்தது. இடது பாதத்தில் இரண்டு விரல்கள் நசுங்கின. “அன்றிலிருந்து காற்றுச் சத்தம் கேட்டால் காலை இழுத்துக்கொள்வார். பேரப்பிள்ளைகள்கூடச் சிரிப்பார்கள். பழக்கம்தானே என்று விட்டுவிட்டோம்.”

ஆக, இது கற்றுக்கொண்ட பயம். புறணி இருபுறமும் போனபிறகும் பிழைத்திருக்கிறது.

1984-இல் நியூயார்க்கில் ஜோசப் லெடூவும் உடனிருந்தவர்களும் எலிகளில் செய்த வேலை இங்கே நேராக வந்து பொருந்துகிறது. ஒரு ஒலியைக் கேட்கச் செய்து, அதோடு காலில் மெல்லிய மின்னதிர்ச்சி கொடுத்தால், அடுத்த முறை அந்த ஒலிக்கே எலி உறைந்து நிற்கும், இரத்த அழுத்தம் ஏறும். செவிப் புறணியை நீக்கினாலும் எலி இந்தப் பயத்தைக் கற்றது. செவித் தாலமஸையோ கீழ்க்குன்றையோ அழித்தால் கற்கவில்லை. புறணியைத் தொடாமல் தாலமஸிலிருந்து அமிக்டலாவுக்கு ஒரு வழி இருப்பது அப்படித்தான் தெரிந்தது.

அடுத்த மாதம் பெரியவரின் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டி, முதுகுக்குப் பின்னாலிருந்து ஒலிகளைக் கொடுத்தோம். கைப்பேசியில் பதிந்த பஸ் சீறல், வெறும் இரைச்சல், தூய சுருதி ஒன்று, அவ்வப்போது ஒரு கைதட்டல். தட்டலைத் தவிர மற்றவை எல்லாம் ஒரே அளவு, 65 டெசிபெல். அந்த அளவு ஒலி யாரையும் தூக்கிப்போடாது. ஒவ்வொன்றும் எட்டு முறை, வரிசை மாற்றி மாற்றி.

கைதட்டலுக்கு இமைத்தார், கால் அசையவில்லை. தூய சுருதிக்கு ஒன்றும் இல்லை. பஸ் சீறலுக்கு எட்டில் ஆறு முறை இடது கால் பின்வாங்கியது, ஒலிக்கும் காலுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு விநாடி. நாடி 72-லிருந்து 90-ஐத் தாண்டியது. வெறும் இரைச்சலுக்கும் ஐந்து முறை அதே. பஸ்ஸா, இரைச்சலா என்று அந்தக் கால் பிரித்துப் பார்க்கவில்லை. உட்பகுதி அணுக்களின் பரந்த, தளர்ந்த சுருதியிலிருந்து நாம் எதிர்பார்க்கக்கூடியது இதுதான்.

ஒவ்வொரு முறையும் பலகையில் எழுதிக் கேட்டேன்: ஏதாவது கேட்டதா, ஐயா? இல்லையென்று தலையசைத்தார். ஆறாவது முறை அவரே சாக்கட்டியை வாங்கி எழுதினார்: “ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் யாரோ வண்டியை எடுக்கப் போகிறான் என்று தோன்றுகிறது.”

பட்டறைத் தழும்பேறிய விரல்கள், கோணலான எழுத்து. அந்தப் பலகையை அழிக்க எனக்கு மனம் வரவில்லை, படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். புறணியில் கருகாமல் மிஞ்சிய தீவுகள் இந்த வேலையைச் செய்திருக்கலாம் என்பதை ஓர் எம்ஆர்ஐ படத்தை வைத்து முழுதாகத் தள்ளிவிட முடியாது. அதோடு, புறணியை இழந்த கீழ்ப்பகுதி அணுக்கள் காலப்போக்கில் தாமும் வாடும். பழைய உடற்கூற்றாளர்கள் எந்தத் தாலமஸ் பகுதி எந்தப் புறணிக்குப் போகிறது என்று கண்டுபிடித்ததே, புறணியை நீக்கியபின் தாலமஸில் எங்கே அணுக்கள் வாடுகின்றன என்று பார்த்துத்தான். வலது பக்கத்தில் ஆறு ஆண்டாக அந்த வாடல் நடந்திருக்க வேண்டும். உட்பகுதிக்கு வேறு போக்கிடங்களும் இருப்பதால் அது தாங்கி நிற்கும். பெரியவரிடம் கண்டவை எல்லாம் இந்தப் படத்தோடு ஒத்துப்போகின்றன. அதற்கு மேல் ஒருவரை வைத்துச் சொல்லக் கூடாது.

மகனின் கேள்வி

“தாலமஸ் நன்றாக இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் வேறு இடத்துக்கு இணைத்துவிட முடியாதா, அக்கா?”

இப்படி ஓர் ஆய்வு உண்மையிலேயே நடந்திருக்கிறது. மிருகாங்க சூரும் உடனிருந்தவர்களும் 1988-இல் வெளியிட்டது. கீரியை ஒத்த ஃபெரட் என்னும் விலங்கின் குட்டிகள், பிறக்கும்போது மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் நிலையில் இருப்பவை. அவற்றில் கண்ணிலிருந்து வரும் நரம்பிழைகள் வழக்கமாகப் போகும் இடங்களைக் குறைத்துவிட்டு, செவித் தாலமஸுக்கு வர வேண்டிய செவியிழைகளையும் தடுத்தார்கள். இடம் தேடிய கண்ணிழைகள் காலியாக இருந்த செவித் தாலமஸுக்குள் வளர்ந்து நுழைந்தன. அது வழியாகச் செவிப் புறணி ஒளிக்குப் பதில் சொல்லத் தொடங்கியது. அந்த விலங்கு அதை என்னவென்று உணர்ந்தது என்பதற்கு 2000-ஆம் ஆண்டு விடை வந்தது. மூளையின் ஒரு பக்கத்தை மட்டும் இப்படி மாற்றி, நல்ல பக்கத்தைக் கொண்டு ஒளிக்கு ஒரு குழாய்க்கும் ஒலிக்கு இன்னொரு குழாய்க்கும் போகப் பழக்கினார்கள். பிறகு மாற்றிய பக்கம் மட்டுமே பார்க்கக்கூடிய இடத்தில் ஒளியைக் காட்டினார்கள். ஃபெரட் ஒளிக்கான குழாய்க்குப் போனது. செவிப் புறணியால் அது பார்த்தது.

மகன் இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறந்த நாளிலேயே செய்ய வேண்டியது அது என்று சொன்னபோது முகம் தொங்கிவிட்டது. பெரியவருக்குப் பாதை இருக்கிறது, போய்ச் சேரும் இடம்தான் அழிந்துவிட்டது. 68 வயது மூளையில் தாலமஸின் இழைகள் புதிய ஊர் தேடிக் கிளம்புவதில்லை. பொய் நம்பிக்கை கொடுக்க எனக்கு உரிமை இல்லை என்பதால் அதை அப்படியே சொன்னேன்.

செய்தவையும் இப்போதைய நிலையும்

முதலில் கோப்பைத் திருத்தினோம். ‘ஒத்துழைப்புக் குறைவு’ என்ற சொற்களை எடுத்துவிட்டு, இருபக்கப் புறணிச் சேதத்தால் வந்த செவியிழப்பு, காதும் மூளைத்தண்டும் நலம், என்று எழுதி மருத்துவருக்கு அனுப்பினேன். அடுத்த முறை வார்டில் யாரும் அவர் காதருகே கைதட்டிச் சோதித்துச் சிரிக்கவில்லை என்று அம்மா சொன்னார்.

செவிக்கருவிகளைக் கடையில் திருப்பிக் கொடுத்தார்கள். பாதிப் பணம் வந்தது.

வீட்டில் எல்லா அறையிலும் சிறு எழுதுபலகை. பேசுமுன் தோளைத் தொடுவது, வெளிச்சத்தில் நின்று முகம் பார்த்து நிதானமாகப் பேசுவது. உதடு பார்த்துப் புரிந்துகொள்வதைப் பேச்சுப் பயிற்சியாளர் வாரம் ஒரு முறை சொல்லிக்கொடுக்கிறார். ஐந்தாம் மாதத்தில் பொத்தான் சோதனை 45-க்கும் 55-க்கும் இடையில் நிலைகொண்டது. ஒலி வருகிறது என்று இப்போது அறிகிறார், என்ன ஒலி என்று அறியவில்லை. இப்படிப்பட்டவர்களில் பலர் இந்தப் படிக்கு வந்துசேர்கிறார்கள். நாய் குரைப்பதையும் கதவு சாத்துவதையும் பத்துக்கு நான்கு முறை பிரித்துச் சொல்கிறார். பேச்சு இன்னும் “யாரோ தண்ணீர் ஊற்றுவது போல” என்றுதான் எழுதுகிறார்.

ஆறாம் மாதம் மகன் தன் மைவி காரின் முன்மூடியைத் திறந்துவிட்டு அவரை அழைத்தார். பெரியவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்து இஞ்சினில் ஊன்றினார். பழக்கத்தில் கைப்பிடி காதுக்குப் போயிற்று. பிறகு நின்று யோசித்து, அதைக் காதிலிருந்து எடுத்து இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடினார். சற்று நேரம் கழித்து ஆல்டர்னேட்டர் பக்கம் விரலைக் காட்டினார். பட்டறையில் கழற்றிப் பார்த்தபோது அதன் பேரிங் தேய்ந்திருந்தது. விரலின் அதிர்வுணர்வுக்குத் தாலமஸில் வேறு நிலையம் உண்டு, அது அவருக்குக் கெடவில்லை. இதில் செவித் தாலமஸின் உட்பகுதிக்குப் பங்கு உண்டா என்று என்னிடம் கேட்டார்கள். அங்கே தொடுவுணர்வும் ஒலியும் சந்திப்பது உண்மை, ஆனால் இந்த ஒரு பேரிங்கை வைத்து நான் அதற்கு மதிப்பெண் போட மாட்டேன்.

பஸ் நிறுத்தத்தை நகர்த்த முடியாது. அவர் நாற்காலியைத் தெருப்பக்கத்திலிருந்து பின்னறைக்கு மாற்றினார்கள். அங்கே போனபிறகு ஒரு புதிய தொல்லை. சமையலறையில் பிரஷர் குக்கர் ஆவி விட்டால் அதற்கும் கால் இழுத்துக்கொண்டது. முதலில் அம்மா குக்கரையே நிறுத்திவிடலாம் என்றார். நான் வேறொன்று சொன்னேன். ஆவி வரும் நேரம் அம்மாவுக்கே தெரியும், வருமுன் பெரியவர் கண்ணில் படும்படி கரண்டியைத் தூக்கிக் காட்டட்டும்.

கடைசியாகப் போனபோது மத்தியானச் சமையல் நடந்துகொண்டிருந்தது. பெரியவர் நாளிதழை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், விரலில் என் ஆக்சிமீட்டர். அம்மா வாசலில் வந்து நின்று கரண்டியை உயர்த்தினார். பெரியவர் நிமிர்ந்து பார்த்து, சரி என்று கையசைத்தார். குக்கர் நீளமாகச் சீறியது. நாடி 78. இடது கால் நாற்காலிக்கு முன்னால் நீட்டியபடியே இருந்தது.